வெட்டுப்பட்டவர்களுக்கு ஒரு நாற்காலி

ஸ்பெயின் தேசத்தின் வடமேற்கு மூலையில், மழை பெய்யாத நாளைத் திருநாளாகக் கொண்டாடுகிற கொர்பெய்ரா என்ற கடற்கரை ஊரில், எடெல்மீரா எழுதிய நாவல்களிலிருந்து தணிக்கை அதிகாரி வெட்டியெறிந்த ஆட்களெல்லாம் வியாழக்கிழமை மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஏன் வந்தார்கள், எப்படி வந்தார்கள் என்று கேட்பவர்கள் பஸ் ஓட்டுகிற வெனான்சியோவைத்தான் கேட்க வேண்டும். அவனும், "மலை வளைவுல கை காட்டுறாங்க, ஏத்திக்கிறேன். டிக்கெட்டுக்குச் சில்லறை சரியா வெச்சிருக்காங்க. எனக்கென்ன வந்துச்சு?" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எடெல்மீரா அந்த ஊர் மத்தி மீன் ஆலையில் தலை கிள்ளுகிற வேலை பார்த்தவள். அவள் கணவன் அமாரோ பள்ளிக்கூட வாத்தியார். ஆலையில் பெண்கள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நின்றுகொண்டே வேலை செய்வதைப் பார்த்துவிட்டு அவன்தான் சொன்னான்: "ஆளுக்கொரு நாற்காலிய வீட்டுலேருந்து எடுத்துட்டுப் போங்க. உட்கார்ந்து வெட்டுனா மீன் கோவிச்சுக்குமா?" அந்தத் திங்கட்கிழமை ஊர்ப் பெண்களெல்லாம் தலையில் நாற்காலியைக் கவிழ்த்துக்கொண்டு ஆலைக்குப் போன காட்சியை, பார்த்தவர்கள் சாகும்வரை மறக்கவில்லை, மறக்கக்கூடாது என்று நினைத்தவர்களைவிட மன்னிக்கக்கூடாது என்று நினைத்தவர்களுக்குத்தான் ஞாபகம் அதிகமாக இருந்தது. அந்தக் கோடையிலேயே உள்நாட்டுப் போர் மூண்டது. ஒரு லாரி வந்தது. அமாரோவையும் இன்னும் சில ஆண்களையும் ஏற்றிக்கொண்டு மலை வளைவைத் தாண்டிப் போனது, காலியாகத் திரும்பி வந்தது. எடெல்மீராவின் வயிற்றில் அப்போது சபெலா இருந்தாள்.

அதன்பிறகு போனவர்களின் பெயரைச் சொல்வதே குற்றம் என்றாகிவிட்டது. வாயைத் திறக்க முடியாத ஊரில் எடெல்மீரா கையைத் திறந்தாள். மீன் டப்பாவில் ஒட்டுகிற லேபிள்களின் பின்பக்கத்தில், மீன் வாடையோடு, ஒரு கதையை எழுத ஆரம்பித்தாள். சமையலறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன, ஒன்று நொண்டி. அவள் நொண்டியின் காலடியில் மடித்த அட்டையை வைத்து அதில்தான் உட்கார்ந்து எழுதுவாள். நல்ல நாற்காலி சுவரோரம் சும்மா இருக்கும்.

அந்த முதல் நாவலில் கமீலா என்று ஒரு மருத்துவச்சி இருந்தாள். கல்யாணம் ஆகாமல் கர்ப்பமான பெண்களுக்கு, ஊர் என்ன சொன்னாலும் பிரசவம் பார்க்கிறவள். பார்சிலோனாவில் ஒரு பதிப்பாளருக்குக் கதை பிடித்துப் போயிற்று. ஆனால் எந்தப் புத்தகமும் மாட்ரிட்டிலுள்ள தணிக்கை அலுவலகத்துக்குப் போய்வந்துதான் அச்சேற வேண்டும். அங்கே சிவப்புப் பென்சில் வைத்திருந்த ஓர் அதிகாரி கமீலாவைத் தலை முதல் கால்வரை அடித்துவிட்டார். நாவல் மருத்துவச்சி இல்லாமல் வெளிவந்தது; குழந்தைகள் தாமாகவே பிறந்தன. அந்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம், கொட்டுகிற மழையில், சாம்பல் நிறக் கோட்டும் கையில் கருப்புப் பையுமாகக் கமீலா கொர்பெய்ராவின் சதுக்கத்தில் வந்து இறங்கினாள். காலில் செருப்பில்லை. கையில் காசுமில்லை என்று வெனான்சியோ கத்திக்கொண்டிருந்தான்.

எடெல்மீரா, வந்தவளின் இடது தாடை மச்சத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். அதை எழுதியவளே அவள்தானே. மற்றவர்கள் மச்சத்தைப் பார்க்கவில்லை, மழையில் நின்ற வெறுங்காலைத்தான் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு தொரிந்தா, மூக்கு நீளமும் மனசு அகலமும் கொண்டவள், வீட்டுக்குள் ஓடிப்போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து சதுக்கத்தின் வளைவுக்கூரைக்குக் கீழே போட்டாள். "முதல்ல உட்காரும்மா, அப்புறம் அழலாம்" என்றாள். அன்றிலிருந்து அதுதான் ஊர் வழக்கமாயிற்று. வியாழக்கிழமை பஸ் வரும் நேரத்துக்குப் பெண்கள் ஆளுக்கொரு நாற்காலியோடு சதுக்கத்துக்கு வருவார்கள். வந்தவர் யார் வீட்டு நாற்காலியில் உட்காருகிறாரோ அவர் அந்த வீட்டு ஆள். நாற்காலி ஏன் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததைக் கேட்பானேன்.

பங்குச் சாமியாருக்குத்தான் முதலில் கொஞ்சம் சங்கடம். புத்தகத்திலிருந்து வந்தவளுக்கு ஆத்துமா உண்டா என்று தன் மேலதிகாரியான மேற்றிராணியாருக்கு எழுதிக் கேட்கலாமா என்று யோசித்தார். எழுதினால் பதில் வரும், பதில் வந்தால் அதன்படி நடக்க வேண்டும் என்பதையும் யோசித்தார். கடைசியில், "நீ ஏற்கெனவே ஞானஸ்நானம் பெறாதவளாய் இருந்தால்" என்று ஒரு நிபந்தனையை முன்னால் போட்டுக் கமீலாவின் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டார். அது திருச்சபை ஒத்துக்கொண்ட முறைதான். ரேஷன் அட்டை கொடுக்கிற குமாஸ்தா, "பிறந்த இடம்?" என்று கேட்டான். "எடெல்மீரா வீட்டுச் சமையலறை" என்றாள் கமீலா. பல பேர் சமையலறையில்தானே பிறந்தார்கள், அவனும் எழுதிக்கொண்டான்.

இப்படியாக எடெல்மீராவின் எழுத்து வாழ்க்கை வளர்ந்தது. புத்தகங்கள் மெலிந்தன, ஊர் பெருத்தது. இரண்டாவது நாவலிலிருந்து கடவுள் இல்லையென்று சொன்ன நாவிதன் வந்தான், பங்குச் சாமியாருக்கே சவரம் செய்துகொண்டு விவாதமும் செய்தான். மூன்றாவதிலிருந்து வேற்றுச் சபையைச் சேர்ந்த அக்காள் தங்கை இரண்டு பேர் ஒரே குடைக்குள் வந்தார்கள். ஒரு முறை தணிக்கை அதிகாரி ஆட்களையெல்லாம் விட்டுவிட்டு ஒரு முத்தத்தை மட்டும் வெட்டினார். அந்த வியாழக்கிழமை பஸ் கதவு திறந்தது, யாரும் இறங்கவில்லை, கதவு மூடிக்கொண்டது. அடுத்த நிமிஷம் சதுக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும், வருஷக்கணக்கில் பேசாமலிருந்த சம்பந்திகள் உட்பட, பக்கத்தில் நின்றவரைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார்கள். பிறகு கூச்சத்தோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நாற்காலிகளை எடுத்துப் போனார்கள். அந்த வருஷம் கமீலாவுக்கு நிறைய வேலை இருந்தது.

வெறுங்காலோடு வருகிற விஷயத்தில்தான் ஊர்ப் பெண்கள் எடெல்மீராவை ஒருபிடி பிடித்தார்கள். "மூக்கு எப்படி, முழி எப்படின்னு பக்கம் பக்கமா எழுதத் தெரியுது, காலுக்கு ஒரு செருப்பு எழுதத் தெரியலையா உனக்கு?" என்று தொரிந்தா மீன் கடையில் வைத்தே கேட்டாள். நியாயம்தான் என்று எடெல்மீராவுக்கும் பட்டது. அதற்குப் பிறகு அவள் எழுதிய ஒவ்வொருவருக்கும் நல்ல தோல் செருப்போ பூட்ஸோ, தடித்த கம்பளிக் கோட்டும், அந்தக் கோட்டின் பையில் பஸ்ஸுக்குச் சரியான சில்லறையும் இல்லாமல் ஒரு பக்கம் நகராது. கதை ஆகஸ்ட் மாத வெயிலில் நடந்தாலும் கோட்டு உண்டு. மாட்ரிட் விமர்சகர்கள் இதில் ஆழ்ந்த தத்துவம் கண்டார்கள். அவளுடைய நாவல்களில் சட்டென்று விழுகிற மௌனங்களைப் புகழ்ந்தார்கள். அவை வெட்டுப்பட்ட இடங்கள் என்பது அவர்களுக்கும் தெரியும், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல் அதை மறைத்துக்கொண்டுதான் புகழ்ந்தார்கள். பாரிஸிலிருந்து ஒரு பேராசிரியர் காலணிகளைப் பற்றி ஆராய்ச்சியே செய்தார். பெரிய பரிசு வாங்கிய மேடையில் அவர் காரணம் கேட்டபோது எடெல்மீரா, "எங்க ஊர்ல மழை ஜாஸ்தி" என்றாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அந்தப் பரிசு வாங்கிய வருஷம்தான் தொரிந்தா ஒரு கூடை அத்திப்பழத்தோடு வந்து சமையலறையில் நின்றாள். அவளுடைய மகன் சுசோ, இருபது வயது மீனவப் பையன், அமாரோ போன அதே லாரியில் போனவன்.

"எடெல்மீரா, உன்னால முன்பின் தெரியாத நாவிதனை எல்லாம் வரவெக்க முடியுது. என் பிள்ளைய எழுதேன்."

எடெல்மீரா கூடையை வாங்கிக் கீழே வைத்தாள். "எழுதலாம் அக்கா. ஆனா நான் எழுதுனது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். மிச்சமெல்லாம் இருக்காது. வர்றவங்க எல்லாரும் அப்படித்தான்."

"மிச்சத்த நான் சொல்லிக்கிறேன். பெத்தவளுக்குத் தெரியாத மிச்சமா?"

எழுதினாள். லாரியையும் எழுதினாள். லாரியை எழுதினால் சிவப்புப் பென்சில் சும்மா இருக்குமா; அந்த அத்தியாயமே வெட்டுப்பட்டது. வியாழக்கிழமை சுசோ புத்தம்புது பூட்ஸோடு இறங்கினான், அதே இருபது வயதோடு. தொரிந்தா நாற்காலியைப் போட்டுவிட்டுத் தரையில் விழுந்து அழுதாள். பிறகு தினமும் சாயங்காலம் அவனை உட்கார வைத்து மிச்சத்தைச் சொன்னாள்: உனக்கு அத்திப்பழம்னா உசுரு, மாமா வீட்டு நாய்க்கு நீதான் பேர் வெச்ச, ஏழு வயசுல பூசை நேரத்துல சிரிச்சு வெளிய அனுப்புனாங்க. அவனும், அப்படியா என்று கேட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிக்கொண்டான். ஒரு நாள் அவள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"வெளிய கிளம்பும்போது வாசக்காலை ரெண்டு தட்டு தட்டிட்டுப் போறான்! முந்தியும் அப்படித்தான் பண்ணுவான். நீ எழுதுனியா?"

"இல்லையே."

"நானும் சொல்லல. அப்ப அது எங்கேருந்து வந்துச்சு?"

தாய்க் கண், பார்க்க ஆசைப்பட்டதைப் பார்க்கும் என்று எடெல்மீரா நினைத்துக்கொண்டாள். எழுதாத ஒன்று எப்படி வரும்? அவள் எழுத்துக்காரி; அதை மட்டும் அவளால் நம்ப முடியவில்லை.

லாரியில் போனவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அமாரோ மட்டும் வரவில்லை.

அவள் எழுதாமலா இருந்தாள்? ஒவ்வொரு நாவலிலும் எழுதினாள். தேனீ வளர்க்கிறவனாக, கோவிலில் ஆர்கன் வாசிக்கிறவனாக, கப்பல் மருத்துவனாக, ஏதோ ஒரு வேஷத்தில் அமாரோவின் முகம் இருக்கும். சாந்தமாகப் பேசுவான், ஏழைகளுக்கு இரங்குவான், மனைவியைக் கண்ணின் மணியாகப் பார்த்துக்கொள்வான். சிவப்புப் பென்சில் அவனைத் தொட்டதே இல்லை. ஒரு கையெழுத்துப்பிரதி திரும்பி வந்தபோது ஓரத்தில், "அருமையான மனிதர்" என்று அதே பென்சிலால் எழுதியிருந்தது. அன்றைக்கு எடெல்மீரா சாப்பிடவில்லை.

சபெலா அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே வளர்ந்து, அம்மா கிள்ளிய அதே ஆலையில் மீன் கிள்ளி, நாற்பதை எட்டிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை தவறாமல் வீட்டின் இரண்டு நாற்காலிகளையும் இரண்டு தோளில் மாட்டிக்கொண்டு சதுக்கத்துக்குப் போவாள், தவறாமல் திரும்பி வருவாள். ஒரு நாள் நாற்காலிகளை டொம்மென்று போட்டுவிட்டுக் கேட்டாள்:

"அம்மா, நீ எழுதுறது என் அப்பாவையா, கோவில்ல வெச்சிருக்கிற சுரூபத்தையா?"

"என்னடி பேச்சு இது?"

"ஊர்ல ஆளாளுக்கு அவரைப் பத்திச் சொல்றாங்க. சீட்டாட்டத்துல சாமியாரையே ஏமாத்துவாராம். சுத்தியல் விரல்ல பட்டா பரலோகம் வரைக்கும் கேக்குற மாதிரி கடவுளைத் திட்டுவாராம். ஊர்ப் பொம்பளைங்க தலையில நாற்காலி ஏத்துனவராம். அந்த ஆளை எங்கம்மா நீ ஒளிச்சு வெச்சிருக்க? சுரூபத்த எந்த அதிகாரி வெட்டுவான்? வெட்டுனாத்தானே வருவார்!"

எடெல்மீரா நொண்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். மகள் சொன்னது அத்தனையும் உண்மை. அடுத்தவர் வீட்டுப் பிள்ளையை எழுதும்போது லாரியையே எழுதிய கை, தன் புருஷனை எழுதும்போது மட்டும் பயந்தது. நாற்காலி விஷயத்தை எழுதினால் மகளுக்கு என்ன வருமோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு அன்பு என்று பெயர் வைத்து, அவனைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தாள். மாட்ரிட்டில் இருந்தது இரண்டாவது சிவப்புப் பென்சில்தான். முதலாவது இந்தச் சமையலறையிலேயே இருந்தது.

அன்று ஆரம்பித்து ஒரு முழுக் குளிர்காலம் எழுதினாள். சீட்டில் ஏமாற்றுகிற அமாரோவை, கோபக்கார அமாரோவை, பெருவிரலைப் பிடித்துக்கொண்டு கடவுளோடு சண்டை போடுகிற அமாரோவை, நாற்காலி ஊர்வலத்தின் முன்னால் கையில் ஒரு முக்காலியோடு நடந்த அமாரோவை எழுதினாள். தங்கள் கல்யாண நாளையும் தனி ஓர் அத்தியாயமாக எழுதினாள். கருப்புத் தோலில் நல்ல பூட்ஸ் எழுதினாள், கம்பளிக் கோட்டு எழுதினாள், பையில் சில்லறை எழுதினாள். இதை வெட்டாமல் விட்டால் தணிக்கைக்கே அவமானம் என்கிற அளவுக்கு எழுதி, மாட்ரிட்டுக்கு அனுப்பினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் நாட்டை ஆண்ட கிழட்டுத் தளபதி செத்துப் போனார். தேசமே மூச்சுவிட்டது. எடெல்மீராவின் கையெழுத்துப்பிரதி ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தது. முதல் பக்கத்தில், தடையில்லை என்று ஒரு நீல முத்திரை. வியாழக்கிழமை வெனான்சியோ கதவைத் திறந்து, சபெலாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கலேன்னு சொல்வாங்க. இங்க பூசாரியும் கொடுத்துட்டான், அதுதான் வினை" என்று தொரிந்தா தலையில் அடித்துக்கொண்டாள். எடெல்மீரா பிரதியைத் துணியில் சுற்றிக்கொண்டு மாட்ரிட்டுக்குப் புறப்பட்டாள்.

தணிக்கை அலுவலகத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி அறையில், கரி அடுப்புக்குப் பக்கத்தில், முழங்கையில் ஒட்டுப்போட்ட கோட்டோடு ஒரு மெலிந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். பெயர் இலாரியோ. இத்தனை வருஷமும் அவள் புத்தகங்களை வெட்டியவர் இவர்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"உட்காருங்க அம்மா. உங்க புத்தகத்துல கை வெக்கலையே, பார்த்தீங்கல்ல?"

"அதைக் கேக்கத்தான் வந்தேன். ஏன் வெக்கல?"

அவருக்குப் புரியவில்லை. எடெல்மீரா பிரதியைப் பிரித்து மேஜையில் போட்டாள். "இதோ, கடவுளைத் திட்டுறான். இதோ, தொழிலாளிங்களைத் தூண்டிவிடுறான். இதோ, லாரி. வெட்டுங்க."

"இந்த நாட்டுல எழுதுற அத்தனை பேரும் வெட்டாதீங்கன்னு இந்த நாற்காலியில உட்கார்ந்து அழுதுட்டுப் போயிருக்காங்க. வெட்டச் சொல்லி ஒருத்தர் வந்ததே இல்ல. இப்பத்தான் முதல் தடவையா உண்மை அச்சுல வரப் போகுது. அது வேண்டாமா உங்களுக்கு?"

"நாட்டுக்கு நான் மறுபடி எழுதிக் கொடுப்பேன், கை இருக்கு. என் மகளுக்கு நாற்பது வயசாகுது. அவளுக்கு அப்பா வேணும்." பிறகு கமீலாவிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

இலாரியோ ஆச்சரியப்படவில்லை. வெகுநாளாக எதிர்பார்த்த செய்தியைக் கேட்டதுபோலக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த மருத்துவச்சி... செருப்பில்லாம வந்தாங்களா? வெட்டும்போதே உறுத்துச்சு. மழைக்காலம் அது."

"ஊர்ல பாதிப் பிள்ளைங்க அவ கையிலதான் பிறந்துச்சு."

"ஒரு முத்தத்தக்கூட வெட்டினேன்."

"அதுவும் வந்துச்சு."

அவர் காது சிவந்தது. "நான் வெட்டினது காகிதத்தத்தானம்மா" என்றார் மெல்ல.

எடெல்மீராவுக்கு முப்பது வருஷக் கோபம் ஒன்றாகத் திரண்டது. "காகிதத்துல மட்டும்தான் அவங்க மிச்சம் இருந்தாங்க" என்றாள். "அதனாலதான் எங்க ஊருக்கு வந்தாங்க. வேற போக்கிடம் இல்ல."

அவர் கோட்டுப் பைக்குள் கைவிட்டு, விரல் நுனியளவு தேய்ந்துபோன சிவப்புப் பென்சிலை எடுத்தார். சீட்டாட்டத்தை அடித்தார். கடவுளைத் திட்டுகிற பக்கத்தைப் படித்து, "நியாயமாத்தான் திட்டுறார்" என்று சிரித்துக்கொண்டே அடித்தார். நாற்காலி ஊர்வலத்தை, லாரியை, பூட்ஸை, கோட்டை, சில்லறையை அடித்தார். கல்யாண அத்தியாயம் வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுக்கு என் கை வராது."

"அதுல நான் இருக்கேன் ஐயா! அத வெட்டலேன்னா அவனுக்கு என்னைத் தெரியாது!"

"எவ்வளவோ பக்கத்த மேல இருக்கிறவங்க சொன்னாங்கன்னு வெட்டினேன். இந்த ஒரு பக்கத்த நானா விட்டு வெக்கிறேன் அம்மா. யாராவது படிக்கட்டும். தயவுசெஞ்சு."

அவள் கெஞ்சினாள், திட்டினாள். அவர் அசையவில்லை. பிரதியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு இரண்டு தோளில் இரண்டு நாற்காலியோடு நடக்கிற சபெலாவை நினைத்தாள். தன்னைத் தெரியாத புருஷன் வந்தாலும் மகளுக்கு அப்பன் அப்பன்தானே. சரி என்று எழுந்தாள்.

வாசல்வரை வந்த இலாரியோ தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அடுத்த மாசம் இந்த இடத்தப் பூட்டிடுவாங்க. எனக்கும் யாருமில்ல. என்னையும் ஒரு கதையில எழுதுனீங்கன்னா... ஆனா என்னை வெட்ட ஆள் இருக்காதே."

"பஸ்ஸுக்கு டிக்கெட் விக்கிறாங்க" என்றாள் எடெல்மீரா. "எல்லாரையும் போல எடுத்துட்டு வாங்க." அடுத்த கோடையில் அவர் வரத்தான் செய்தார், அவருக்கு நாற்காலி போட்டது கமீலா என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

பிரதி அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்த வாரம், பதிப்பாளரின் கோபத்தையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, எடெல்மீரா வியாழக்கிழமை பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினாள். கடைசி இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மலை வளைவில் பஸ் நின்றது. கம்பளிக் கோட்டுப் போட்ட ஓர் இளைஞன் ஏறி, சரியான சில்லறையைக் கொடுத்துவிட்டு, வெனான்சியோவுக்குப் பின்னால் உட்கார்ந்தான். அவளுக்கு அவனுடைய பின்கழுத்து மட்டும்தான் தெரிந்தது. பின்கழுத்தை எழுத மறந்துவிட்டோமே என்று அவளுக்குப் பகீரென்றது. ஆனால் பின்கழுத்து இருந்தது, முடி சுழித்து வளர்கிற இடம் உட்பட எல்லாம் இருந்தது. கூப்பிட வாய் வரவில்லை. மழை கண்ணாடியில் அடித்துக்கொண்டே வந்தது.

சதுக்கத்தில் ஊரே நாற்காலியோடு நின்றது. அமாரோ படியிலிருந்து காலைக் கீழே வைத்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, பூட்ஸைச் செய்தவனில் ஆரம்பித்துப் பரலோகத்தின் மேல்மாடிவரை ஒருவர் பாக்கியில்லாமல் திட்டினான். புது பூட்ஸ், கடித்திருந்தது. தொரிந்தா நெஞ்சில் கைவைத்து, "அவனேதான்!" என்று கத்தினாள். பங்குச் சாமியார் சிலுவைக் குறி போட்டுக்கொண்டே சிரித்தார். சபெலா இரண்டு நாற்காலிகளையும் இறக்கி வைத்துவிட்டு, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றாள். முப்பத்தொரு வயது அமாரோ, தலை நரைக்கத் தொடங்கிய தன் மகளைப் பார்த்து, "அக்கா, பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்?" என்று மரியாதையாகக் கேட்டான். சபெலா அழுதுகொண்டே சிரித்து, கையைக் காட்டினாள். காட்டிய பக்கம் தப்பு.

எடெல்மீரா பஸ்ஸிலிருந்து மெல்ல இறங்கி வந்தாள். அவன் திரும்பி அவளைப் பார்த்தான். தெரியாத ஒரு வயதான பெண்ணைப் பார்க்கிற பார்வை. அது தெரிந்துதான் வந்தாள், இருந்தாலும் நெஞ்சில் மீன்முள் குத்தியது போல வலித்தது.

"வாங்கம்மா" என்றான். "நீங்களும் இந்த பஸ்லயா வந்தீங்க? நனைஞ்சுட்டீங்களே."

"ஆமா. உட்காரு. உனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கு" என்றாள்.

அவன் உடனே உட்காரவில்லை. குனிந்து, முதல் நாற்காலியின் முதுகில் உள்ளங்கையை வைத்து ஓர் அழுத்து அழுத்திப் பார்த்தான். அது அசையவில்லை. இரண்டாவதை அழுத்தினான். அது ஒரு பக்கம் சாய்ந்தது. நல்ல நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டு, "நீங்க இதுல உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, நொண்டியில் தான் உட்கார்ந்து, அது ஆடாதபடி ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டான்.

அதை அவள் எழுதவில்லை. யாரும் அவனுக்குச் சொல்லவுமில்லை. அவளே மறந்திருந்தாள். கல்யாணமான முதல் நாளிலிருந்து லாரி வந்த நாள்வரை, அந்த வீட்டில் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் முன்னால் அவன் இப்படித்தான் அழுத்திப் பார்த்து நொண்டியைத் தனக்கு எடுத்துக்கொள்வான். அவன் போன பிறகு, காரணமே தெரியாமல், அவனுடைய நாற்காலியில் அவள் உட்கார ஆரம்பித்திருந்தாள். அவளுடைய நாற்காலி சுவரோரம் சும்மா கிடந்தது.

தொரிந்தா கூட்டத்திலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அன்னைக்கே சொன்னேனே என்று கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

எடெல்மீரா நல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சபெலா வந்து தரையில், இருவர் முழங்காலுக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

"எங்கேருந்து சொல்லட்டும்?" என்றாள் எடெல்மீரா.

"மொதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க" என்றான் அமாரோ, கடிக்கிற பூட்ஸைக் கழற்றிக்கொண்டே.